தொட்டுக் காட்டினால்தான் செல்லும்

புதிதாக வேலைக்கு வந்திருக்கிறீர்கள். பாடத்திட்டம், பயிற்சி நூல், செயலி இவற்றைப் பற்றியெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. செல்போனில் வருகைப் பதிவு போடுவதற்கே என் கடைசி வருடங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். சிக்னல் இல்லை என்று நான் சமாளிப்பேன். "சிக்னலு கீது டீச்சர், நீங்கதான் தப்பா அமுக்குறீங்க" என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொல்லி என் மானத்தை வாங்குவார்கள். அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது சாவியைப் பற்றி. ஆசிரியர் பயிற்சியில் இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள், எனக்கும் யாரும் சொல்லவில்லை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டி இருந்தது எங்கள் பள்ளி. சுற்றிலும் லைன் வீடுகள். ஒரே கூரையின் கீழே எட்டு, பத்து ஒற்றை அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பம். அப்பா ஒரு கம்பெனி, அம்மா இன்னொரு கம்பெனி. ஆறு மணி ஷிப்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன் வந்துவிட்டுப் போனால் அந்தத் தெருவில் பெரியவர்கள் என்று யாரையும் பார்க்க முடியாது. பிள்ளைதான் எழுந்து, குளித்து, இருப்பதைத் தின்று, வீட்டைப் பூட்டிக்கொண்டு பள்ளிக்கு வரும். சாயங்காலம் திறப்பதும் அதுதான். என் நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் முப்பத்திரண்டு பிள்ளைகள் வீட்டுச் சாவியோடு வந்தார்கள். சிலர் கழுத்துக் கயிற்றில், சிலர் அரைஞாண் கயிற்றில், சிலர் ஜாமெட்ரி பாக்ஸில். ஒரு வாண்டு காலுறைக்குள் போட்டு நொண்டிக்கொண்டே வரும். அந்த வயதில் என் சிலேட்டைக்கூட நான் ஒழுங்காக வைத்துக்கொண்டது கிடையாது.

ஒரு நாள் தேசப்பன் என்ற ஐந்தாம் வகுப்புப் பையன் கை, கால் எல்லாம் கொசுக்கடித் தடிப்போடு வந்தான். முதல் நாள் சாவியைத் தொலைத்துவிட்டு, அம்மா ஷிப்ட் முடிந்து வரும்வரை வாசலில் உட்கார்ந்திருக்கிறான். வந்த அம்மா களைப்பில் நாலு சாத்து சாத்திவிட்டு, கல்லால் பூட்டை உடைத்திருக்கிறாள்.

"எப்படிடா தொலைச்ச?" என்று கேட்டேன்.

"என் சாவிக்காரி நேத்து லீவு டீச்சர்" என்றான்.

சாவிக்காரி என்றால் யார், என்ன என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. தொலைத்தவன் சொல்லும் சாக்கு என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஒரு கேள்வியை விழுங்கியதற்கு நான் பின்னால் பட்ட பாட்டைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

அன்றே நான் வேலையில் இறங்கிவிட்டேன். எனக்கு ஒரு யோசனை வந்துவிட்டால் நிற்க மாட்டேன், என்னோடு வேலை பார்த்தவர்களுக்கு அது தெரியும். அட்டையை வெட்டினேன். ஒவ்வொரு சாவிக்கும் ஒரு அட்டை. அதில் பிள்ளையின் பெயர், தெரு, வீட்டு எண், எல்லாம் குண்டு குண்டாக எழுதி டேப் ஒட்டிக் கட்டினேன். தொலைந்தால் எடுத்தவர் கொண்டுவந்து கொடுப்பார் அல்லவா?

இரண்டு நாள் கழித்து, மதிய இடைவேளையில், என் வகுப்புப் பீரோவுக்கு மாற்றுச் சாவி போட பஜாரில் சாவி ரிப்பேர்க்காரரிடம் போனேன். சைக்கிளில் இரும்புப் பெட்டி வைத்து, பூவரச மரத்தடியில் உட்கார்ந்திருப்பவர். அவர் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது, அப்பா என்ற பொருளில் எல்லோரும் நைனா என்றே கூப்பிடுவார்கள். பீரோ சாவியிலும் அதே மாதிரி என் பெயர், விலாசத்தோடு ஒரு அட்டை கட்டியிருந்தேன், அதைப் பார்த்தார். வாங்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு படித்தார்.

"இன்னா டீச்சர் இது?"

பெருமையோடு விளக்கினேன். அவர் அட்டையைத் திருப்பி என் கையிலேயே வைத்தார்.

"சாவியும் குட்த்து அட்ரஸும் குட்த்துட்டா, எடுக்கிறவன் பூட்டு ஒடைக்கிற பேஜாரு கூட இல்லாம, நாஷ்டா துன்னுட்டு மெதுவா வருவான் டீச்சர். ஊட்ல யாரும் இல்லன்னு வேற அவனுக்குத் தெரியும்."

எனக்கு முகமெல்லாம் சுட்டது. முப்பத்திரண்டு வீட்டின் விலாசத்தை என் கையெழுத்தில் எழுதி, பிள்ளைகளின் கழுத்தில் தொங்கவிட்டு ஊருக்குள் அனுப்பியிருக்கிறேன். அப்படியே ஆட்டோ பிடித்துப் பள்ளிக்குத் திரும்பி, மணி அடிப்பதற்குள் எல்லா அட்டைகளையும் கத்தரித்து எடுத்தேன். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் ஒரு திருட்டு நடந்திருந்தால் என் நல்ல எண்ணத்தை வைத்து யார் என்ன செய்திருக்க முடியும்?

பெயருக்குப் பதிலாகப் படம் போட வைத்தேன். கிளி, மீன், கார், மாங்காய் என்று அவரவர் இஷ்டம். பவானி என்ற பெண் மீன் வரைந்தாள். அதோடு நின்றிருக்கலாம். எனக்குத்தான் நிற்கத் தெரியாதே. இனிமேல் சாவி பிள்ளைகளிடம் இருக்கவே கூடாது என்று முடிவெடுத்தேன். பீரோ கதவின் உட்புறத்தில் பலகை அடித்து, முப்பத்திரண்டு கொக்கி மாட்டினேன். காலையில் வந்ததும் அவரவர் படத்துக்கு நேராகச் சாவியை மாட்ட வேண்டும். நான் எண்ணிப் பார்த்துப் பூட்டுவேன். மதியம் வீட்டுக்குப் போகிறவர்களுக்கும் சாயங்காலம் எல்லோருக்கும் திருப்பிக் கொடுப்பேன்.

அது என்ன அழகாக இருந்தது தெரியுமா! கதவைத் திறந்தால் சாவிகள் வரிசையாக ஆடும். பார்வையிட வந்த அதிகாரி படம் எடுத்துக்கொண்டு போனார். மற்ற பள்ளிகளும் பின்பற்றலாம் என்று ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். திருவள்ளூரில் ஒரு கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டார்கள். அந்த மாதங்களில் ஒரு சாவிகூடத் தொலையவில்லை. நான் தினமும் ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணுவேன், முப்பத்திரண்டு வந்ததும் பிள்ளைகள் கைதட்டுவார்கள். என் ஏற்பாட்டைக் கண்டு நானே மயங்கிக் கிடந்தேன்.

கூட்டம் ஒரு மழை நாளில் மதியம் இரண்டு மணிக்கு. காலையில் பள்ளிக்கு வந்து, சாவிகளை மாட்டச் சொல்லி, எண்ணி, பீரோவைப் பூட்டினேன். பக்கத்து வகுப்பு டீச்சரிடம் என் வகுப்பை ஒப்படைத்தேன். வருகைப் பதிவேடு கொடுத்தேன், சாக்பீஸ் கொடுத்தேன், யார் யாருக்கு மூக்கு ஒழுகுகிறது என்றுகூடச் சொன்னேன். பீரோ சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ரயிலேறிவிட்டேன். பேசின் பிரிட்ஜில் வண்டி மாறும்போதே மழை சாத்து சாத்தென்று சாத்தியது. எனக்கு உறைக்கவே இல்லை. மேடையில் என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

திருவள்ளூரில் இறங்கி மணவாள நகர் பக்கம் ஒரு ஓட்டலில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது எங்கள் தலைமையாசிரியர் போன் செய்தார். நிதானமான மனிதர். அன்று அவர் குரலே வேறு மாதிரி இருந்தது.

"டீச்சர், மழை ரொம்ப ஆயிடுச்சு. பன்னெண்டு மணிக்குப் பசங்கள அனுப்பிட்டேன். இப்ப ஒரு அம்மா கம்பெனி கேட்டுலேர்ந்து போன் பண்ணி அழறாங்க. பவானியோட அம்மா. லைன் வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சாம். பவானியோட அப்பா உள்ளேர்ந்து போன்ல சொல்லி, பாதியிலயே லைன் போயிடுச்சாம். வெளிய பூட்டியிருக்காம்."

பவானியின் அப்பா எளாவூர் பக்கம் நெடுஞ்சாலையில் வண்டி சறுக்கிக் கால் முறிந்து கிடக்கிறார் என்பது எனக்குத் தெரியும். தொடையிலிருந்து கணுக்கால்வரை மாவுக்கட்டு. அவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் அந்தப் பெண் தினமும் பள்ளிக்கு வருகிறாள் என்பது தெரியாது. எழுந்து தாழ்ப்பாள் போட அவரால் முடியாது. கதவைத் திறந்து போட்டுவிட்டு வரவும் முடியாது. மதியம் அவள் ஓடுவது தான் சாப்பிட என்று நினைத்திருந்தேன். அப்பாவுக்குச் சோறும் தண்ணீரும் கொடுக்க ஓடியிருக்கிறாள். கட்டில் கிடையாது. அந்த மனிதர் பாய் போட்டுத் தரையில் படுத்திருப்பவர்.

"சாவிங்க எங்க டீச்சர்?" என்றார் தலைமையாசிரியர்.

கைப்பையைத் திறந்து பார்த்தேன். முப்பத்திரண்டு பிள்ளைகளின் சாவியும் பீரோவுக்குள் இருக்கிறது. பீரோவின் சாவி நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, சாம்பார் கிண்ணத்துக்குப் பக்கத்தில், என் கைப்பையில். மாற்றுச் சாவி போட்டேனே, அது எங்கே என்கிறீர்களா? அதுவும் அதே வளையத்தில்தான். பிள்ளைகள் மழையில் போய்விட்டார்கள். எல்லோரும் பூட்டின கதவுக்கு முன்னால் நிற்பார்கள். ஒரு கதவுக்குப் பின்னால் ஒரு மனிதர் தண்ணீரில் கிடப்பார்.

"பீரோவ ஒடைங்க சார்" என்றேன்.

"ஸ்டாக் ரெஜிஸ்டர்ல இருக்கிற பீரோ டீச்சர்..."

"நான் எழுதிக் கொடுக்கிறேன் சார். ஒடைங்க!"

இப்போது கவனியுங்கள். நான் மறுபடியும் ஒரு முட்டாள்தனம் செய்தேன், அதை அந்த நேரத்தில் தைரியமான முடிவு என்று நினைத்துக்கொண்டேன். உடைக்க வேண்டியது பீரோ இல்லை. வீட்டுப் பூட்டை உடைத்தால் போதும். தேசப்பனின் அம்மா ஒரு கல்லை வைத்துச் செய்த காரியம் அது. என் பலகை, என் கொக்கி, என் ஏற்பாடு, இதைத் தாண்டி என் புத்தி போகவில்லை. கடப்பாரை தேடி, பீரோவை நெம்பி, மீன் படம் போட்ட சாவியைத் தேடி எடுத்து அவர் கிளம்புவதற்கு அரைமணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவசரத்தில் நீங்கள் ஒரு உத்தரவு போடும்போது, அது ஆளைக் காப்பாற்றவா, நீங்கள் செய்து வைத்ததைக் காப்பாற்றவா என்று ஒரு மூச்சு நிறுத்திக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். அதன்பிறகு தலைமையாசிரியர் போன் கிடைக்கவில்லை. கரண்டு போயிருக்கும், டவர் போயிருக்கும். வண்டி நின்று நின்று போனது. பீரோ சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், எதற்கென்று கேட்டால் தெரியாது. எதிரே இருந்த பூக்காரம்மா, "யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லையா தாயி?" என்று கேட்டு ஒரு முழம் பூவைக் கையில் திணித்தாள். வாங்கிக்கொண்டு அழுதேன். என் சர்வீசில் அத்தனை நீளமான பயணம் அதற்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது.

கும்மிடிப்பூண்டியில் இறங்கியபோது நாலரை மணி. ஆட்டோ எதுவும் அந்தப் பக்கம் வர மறுத்துவிட்டது. முழங்கால் தண்ணீரில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தேன். கண்ணுக்குள் ஒரே காட்சிதான்: மூடின கதவுகள், வாசல் வாசலாக நனைந்து நடுங்கும் என் பிள்ளைகள்.

தெருமுனை திரும்பினேன். "டீச்சரு! டீச்சரு வராங்க!" என்று ஒரு குரல் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். வரிசையில் எல்லாக் கதவும் திறந்திருந்தது. ஒவ்வொரு வாசலிலும் ஒரு தலை, இரண்டு தலை. தலை துவட்டி, காய்ந்த சட்டை போட்டுக்கொண்டு, அவரவர் வீட்டுக்குள் நின்று மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேட்டுப் பக்கத்து வீடுகளுக்குள் தண்ணீர் நுழையவில்லை. ஒரு வாண்டு எனக்கு டாட்டா காட்டியது. நான் அந்தத் தண்ணீரிலேயே நின்றுவிட்டேன். இவர்களெல்லாம் எப்படி உள்ளே போனார்கள்?

பவானியின் வீடு பள்ளத்தில், வரிசையின் கடைசி. ஓடினேன். கதவு திறந்திருந்தது. உள்ளே கணுக்காலுக்கு மேல் தண்ணீர். அதற்கு நடுவே, தண்ணீரிலிருந்து நன்றாக உயர்ந்து, ஒரு மரமேடையில் பவானியின் அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மாவுக்கட்டுக் கால் பிளாஸ்டிக் மழைக்கோட்டுக்குள் சுற்றப்பட்டு பவானியின் மடியில் இருந்தது. ஒரு சொட்டு ஈரம் அதில் படவில்லை. பக்கத்தில் தேசப்பனும் இன்னும் மூன்று பிள்ளைகளும். எங்கள் தலைமையாசிரியர் பேன்ட்டைச் சுருட்டிவிட்டு மேடையின் ஓரத்தில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். பாதி ஷிப்டில் ஓடிவந்திருந்த அம்மா, தண்ணீரை வாளியில் மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னாத்துக்கு டீச்சர் இப்பிடி நனைஞ்சிக்கினு வந்தீங்க?" என்றாள் அவள்.

அவள் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். சாவியைப் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டு போய்விட்டேன், என் தப்பு என்றேன். அவள் வாளியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உங்க பீரோவுக்கும் எங்க ஊட்டு சாவிக்கும் இன்னா டீச்சர் சம்மந்தம்?"

தலைமையாசிரியர் சட்டைப் பையிலிருந்து மீன் படம் போட்ட சாவியை எடுத்து என்னிடம் நீட்டினார். பிறகு கதவில் தொங்கிய பூட்டைக் காட்டினார். பூட்டில் இன்னொரு சாவி இருந்தது. "நான் வந்தப்பவே திறந்திருந்தது டீச்சர். இதைப் போட்டுப் பார்த்தேன். நுழையவே இல்லை" என்றார்.

மீன் சாவியை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். துருப்பிடித்த பழைய டிரங்குப் பெட்டிச் சாவி. இத்தனை மாதமும் ஒன்று, இரண்டு என்று எண்ணி, பூட்டி, பாதுகாத்தது இதைத்தான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சாவியை மடியில் வைத்துக்கொண்டு நானும் மேடையில் உட்கார்ந்தேன். அந்த மேடையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அதைத்தான் என்னால் இன்றுவரை நம்ப முடியவில்லை.

கம்பெனிகளில் சரக்கு அடுக்குவதற்கு மரச்சட்டம் வைத்திருப்பார்கள், பேலட் என்பார்கள். உடைந்துபோனதை அடுப்பெரிக்க வாங்கிவந்து லைன் வீடுகளுக்கு வெளியே சார்த்தியிருப்பார்கள். பவானி கதவைத் திறந்தபோது அவள் அப்பா கட்டுக் காலைக் கவிழ்த்த வாளிமேல் தூக்கி வைத்துக்கொண்டு, முழங்கையால் ஊன்றிச் சுவரோரம் சாய்ந்திருந்தாராம். பாய் மிதந்திருக்கிறது. மாவுக்கட்டு நனைந்தால் இளகிவிடும், எலும்பு மறுபடி விலகும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. தெருவில் ஒரு பெரியவர்கூட இல்லை.

"ஓடிப்போய் யாரையாவது இட்டுக்கினு வான்னு நான் கத்தறேன் டீச்சர்" என்றார் அப்பா. "இதுங்க நவுரவே இல்ல. இவ இன்னா கேட்டா தெரிமா? 'நைனா, கத்தாத. உன் கை நல்லாதானே கீது?'ன்னா."

ஐந்து பிள்ளைகளால் வளர்ந்த ஆளைத் தூக்க முடியாது. தூக்கிப் பார்க்கவே இல்லை அவர்கள். ஒரு பேலட்டை இழுத்துவந்து அவருக்குப் பின்னால் போட்டார்கள். இரண்டு பேர் காலைத் தாங்கிக்கொள்ள, அவர் கையை ஊன்றி எம்பி அதில் உட்கார்ந்தார். ஒரு சாண்கூட உயரம் இல்லை. அதற்குப் பக்கத்தில் இரண்டு பேலட்டை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். எம்பி அதற்கு மாறினார். முதலில் உட்கார்ந்திருந்த பேலட்டின் மேல் இன்னும் இரண்டைப் போட்டு மூன்றாக்கினார்கள். மறுபடி எம்பி இந்தப் பக்கம். இப்படி இங்கும் அங்குமாக மாறி மாறி, ஒரு மனிதரை அவர் கை பலத்திலேயே தண்ணீருக்கு மேலே ஏற்றியிருக்கிறார்கள். பத்து வயசுப் பிள்ளைகள்! முடியாத காலைப் பார்க்காமல் முடிகிற கையைப் பார்க்க அந்தப் பெண்ணுக்கு எப்படித் தோன்றியது? அத்தனை வருடம் பாடம் நடத்தினேன், சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தோன்றியிருக்காது. அவளைப் பார்க்கவே எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது, கோயிலில் கதவு திறக்கும்போது வரும் பயம் மாதிரி.

அப்புறம்தான் மீன் சாவியைத் தூக்கிக் காட்டினேன். "இது என்னம்மா?"

பவானி தலையைக் குனிந்துகொண்டாள். தேசப்பன்தான் வாயைத் திறந்தான்.

"டூப்பு சாவி டீச்சர். பஜார்ல ரிப்பேர் நைனாவாண்ட வேலைக்காவாத சாவி ஒரு டப்பா கீது. கேட்டோம். அள்ளிக் குட்த்துச்சு."

"எல்லாருமா?"

"எல்லாரும்தான் டீச்சர்."

"நெஜ சாவி?"

ஐந்து பேரும் அவரவர் கழுத்தை, இடுப்பைத் தொட்டார்கள்.

"எதுக்குடா அப்ப தெனம் அதை மாட்டினீங்க?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பவானி மெல்லச் சொன்னாள். "நீங்க ஆசையா பலகை அடிச்சீங்க டீச்சர். எண்றப்ப எவ்ளோ குஷியா இருந்தீங்க. வேணாம்னு சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு..."

"சாவி எங்காண்டயே இல்லன்னா பயமா இருக்கும் டீச்சர்" என்றான் தேசப்பன். "நீங்க ஒரு நாளு லீவு போட்டா இன்னா பண்றது?"

தலைமையாசிரியர் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. ஒரு தேர்ந்த மருத்துவர் நோயாளியின் மனசு நோகாமல் பார்த்துக்கொள்வதுபோல முப்பத்திரண்டு பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கைதட்டினார்களே, அது என்னைச் சந்தோஷப்படுத்தத் தட்டியது!

அன்றுதான் சாவிக்காரி யார் என்று கேட்டேன். அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியவில்லை, முன்னால் படித்த அண்ணன், அக்காக்களிடமிருந்து வந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் இன்னொரு பிள்ளை சாவிக்காரன் அல்லது சாவிக்காரி. சாவியை வைத்துக்கொள்பவர் இல்லை, சாவியைக் கேட்பவர். வீட்டைப் பூட்டினதும், மதியமும், சாயங்காலம் மணி அடித்ததும் "சாவி?" என்று கேட்க வேண்டும். "இருக்கு" என்று வாயால் சொன்னால் செல்லாது. தொட்டுக் காட்ட வேண்டும். காட்டும்வரை சாவிக்காரர் நகரக்கூடாது. மழை நாளில் பூட்டு திறக்கும்வரை கூடவே நிற்க வேண்டும். பவானியின் சாவிக்காரன் தேசப்பன், அவன் சாவிக்காரி அவள். அதனால்தான் அன்று அவன் அங்கே இருந்தான். மற்ற மூன்று பேரும் அதே வரிசை வீட்டுப் பிள்ளைகள்தான்.

"தன்னுத யாருக்கும் ஞாபகம் இருக்காது டீச்சர். அடுத்தவங்களுதுன்னா மறக்காது" என்றாள் பவானி, ஏதோ எல்லோருக்கும் தெரிந்த விஷயம்போல.

நான் பல கருத்தரங்குகளில் உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளைகளுக்குப் பொறுப்பை எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று படம் போட்டு விளக்குவார்கள். அந்தப் பத்துக்குப் பத்து அறையில், அழுக்குத் தண்ணீருக்கு மேலே உட்கார்ந்து கேட்ட ஒரு வாக்கியம் எனக்கு எங்கேயும் கிடைத்ததில்லை. நீங்கள் எந்தத் திட்டத்தையாவது வகுப்புக்குள் கொண்டுபோவதற்கு முன்னால், அவர்கள் ஏற்கெனவே என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் புரியாத வார்த்தையில் வந்தால் சாக்கு என்று தள்ளாதீர்கள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: அன்று என் ஏற்பாடு நான் நினைத்தபடி நடந்திருந்தால் அந்த மனிதர் என்ன ஆகியிருப்பாரோ தெரியாது. என்னை ஏமாற்றினதால்தான் அவர் பிழைத்தார்.

மழை விட்டுப் பள்ளி திறந்ததும் கோணிப்போன பீரோ கதவிலிருந்து பலகையைக் கழற்றினேன். பிள்ளைகள் முகம் வாடியதைப் பார்த்து, "எனக்குக் கஷ்டம் ஒண்ணும் இல்லைடா" என்று நான்தான் அவர்களைத் தேற்ற வேண்டியிருந்தது. அப்போது பவானி எழுந்து நின்றாள்.

"டீச்சர், உங்க ஊட்டு சாவிக்கு யாரு சாவிக்காரி?"

"எனக்கா? யாரும் இல்லைம்மா."

"தொலைச்சிட்டா ஊட்ல யாரு தொறப்பாங்க?"

மகள் வேலைக்கு வெளியூர் போனதிலிருந்து வீட்டில் நான் ஒருத்திதான். "யாரும் இல்லை" என்றேன். பவானியும் தேசப்பனும் கூடிக் கூடிப் பேசினார்கள். பிறகு முடிவைத் தெரிவித்தார்கள். இனிமேல் நாங்கள் மூன்று பேர். பவானி என்னைக் கேட்பாள், நான் தேசப்பனைக் கேட்க வேண்டும், தேசப்பன் பவானியைக் கேட்பான்.

சாயங்காலம் மணி அடித்தது. நான் மேஜையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். பவானி பையை மாட்டிக்கொண்டு எதிரே வந்து நின்றாள்.

"டீச்சர், சாவி?"

"இருக்கும்மா."

அவள் நகரவில்லை. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. கைப்பைக்குள் கையை விட்டேன். பர்ஸ், கண்ணாடிக்கூடு, சீப்பு, ரயில் பாஸ். சாவி இல்லை. பையின் பக்க உறையில் பார்த்தேன், இல்லை. மறுபடி பையைக் கவிழ்த்தேன், இல்லை. "நீங்க கிளம்புங்கம்மா, நான் தேடிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்தேன்.

ஒருவரும் போகவில்லை. முப்பத்திரண்டு பேரும் பையைத் தோளில் மாட்டியபடி வாசலோரம் அப்படியே நின்றுகொண்டிருந்தார்கள். பிறகு யாரும் சொல்லாமலே பைகளைக் கீழே வைத்துவிட்டுத் தேடத் தொடங்கினார்கள். பெஞ்சுக்கடியில், ஜன்னலில், தண்ணீர்ப் பானைக்குப் பின்னால், சாக்பீஸ் பெட்டிக்குள். கடைசியில் மதியம் நான் கை கழுவின குழாயடியில், சோப்புக்குப் பக்கத்தில் கிடந்ததை ஒரு நான்காம் வகுப்புக் குட்டிப் பெண் கண்டுபிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். வாங்கிக் கைப்பையில் போடப்போனேன்.

"டீச்சர்" என்றாள் பவானி.

எல்லோருக்கும் தெரியும்படி தொட்டுக் காட்டினேன். அதன் பிறகுதான் அவர்கள் வீட்டுக்குப் போனார்கள்.